மைனா வைத்தியரும் வெல்லம் தின்ற குரங்குகளும்

நெடுங்கரை ஓடையின் இரண்டு பக்கமும் இரண்டு குரங்குக் கூட்டங்கள் வாழ்ந்தன. மேல்கரைக் கூட்டத்துக்கு மருதன் தலைவன். கீழ்கரைக் கூட்டத்துக்குத் தாழை தலைவி. ஓடையின் நடுவே ஒரு திட்டு இருந்தது. திட்டின் மேல் ஒரே ஒரு விளாமரம். அந்த மரம் நன்றாகக் காய்த்தால் ஒரு கூட்டம் மூன்று மாதம் கவலை இல்லாமல் சாப்பிடலாம்.

ஒரு மரம், இரண்டு கூட்டம் என்றால் என்ன நடக்கும்? மண்டை உடையும். ஒரு காலத்தில் உடைந்துகொண்டுதான் இருந்தது. பிறகு யாருக்கோ புத்தி வந்து ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். ஆவணியில் முதல் பழம் விழுந்த மறுநாள் காலை இரண்டு கூட்டமும் திட்டில் கூட வேண்டும். கூட்டத்துக்கு ஐந்து பிள்ளைகள் முன்னால் வர வேண்டும். ஆளுக்கு ஒரு விளாம்பழம். கல்லில் அடிக்கக் கூடாது, மரத்தில் மோதக் கூடாது. பல்லால் கடித்தே உடைக்க வேண்டும். எந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் அதிகப் பழங்களை உடைக்கிறார்களோ அவர்களுக்கு அந்த வருஷம் மரம். சமமாக வந்துவிட்டால் போன வருஷம் யாரிடம் இருந்ததோ அவர்களிடமே இருக்கும்.

பெரியவர்கள் கடித்தால் ஆகாதா என்று நீங்கள் கேட்கலாம். ஆகாது. ஒரு கூட்டம் ஒழுங்காகச் சாப்பிட்டு ஒழுங்காக வாழ்கிறதா என்பது அதன் பிள்ளைகளுடைய வாயைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். வழக்கத்தை ஏற்படுத்தியவர்கள் விவரமானவர்கள்.

ஆறு வருஷமாக மரம் மேல்கரைக் கூட்டத்திடம்தான் இருந்தது. அதனால் அவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

அந்த வருஷம் தை மாதத்தில், காட்டை ஒட்டி மனிதர்கள் ஒரு வெல்லக் கொட்டகை போட்டார்கள். கரும்புச் சாற்றைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி, அச்சில் ஊற்றி, கட்டி கட்டியாக வெல்லம் எடுத்தார்கள். காற்று மேற்கே அடித்தால் வாசனை நேராக மேல்கரைக்கு வரும். குரங்கு மூக்கு சும்மா இருக்குமா? முதல் நாள் இரண்டு பேர் போனார்கள். பத்தாவது நாள் கூட்டமே போனது. கொட்டகைக்காரர்கள் கவண் எடுத்துத் துரத்தியும் பயனில்லை.

குரங்குகளுக்குக் கன்னத்தின் உள்ளே இரண்டு பக்கமும் ஒரு பை உண்டு. கிடைத்ததை அதில் அடைத்துக்கொண்டு ஓடிவந்து, பிறகு மரத்தில் உட்கார்ந்து நிதானமாக மெல்லலாம். நல்ல ஏற்பாடுதான். வெல்லம் வரும் வரைக்கும் நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது.

மருதனின் தங்கை பூவரசி அப்போது வயிறு கனத்த கர்ப்பிணியாக இருந்தாள். அவளுடைய மூத்த மகள் இலந்தை. பொழுது சாய்ந்தால் போதும், "தூக்கும்மா, தூக்கும்மா" என்று இலந்தை வயிற்றைப் பிடித்துத் தொங்குவாள். பூவரசிக்கு உட்காரவே முடியவில்லை, பிள்ளையை எங்கே தூக்குவது? ஒரு நாள் மாலை ஒரு வெல்லக் கட்டியை எடுத்து இலந்தையின் இடது கன்னத்துக்குள் வைத்தாள்.

"கடிக்காதே கண்ணு. அப்படியே கன்னத்துல வச்சுக்கோ. கரைஞ்சுகிட்டே இருக்கும். அழாம தூங்கு."

இலந்தை அழாமல் தூங்கினாள். மறுநாளும் தூங்கினாள். இதைப் பக்கத்துக் கிளைத் தாய்மார்கள் பார்த்தார்கள். பிள்ளை தூங்கும் வழி ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் எந்தத் தாய் விடுவாள்? ஒரே வாரத்தில் மேல்கரையில் இருந்த பிள்ளைகள் எல்லாருக்கும் கன்னம் உப்பிவிட்டது. முதலில் தூங்கும்போது மட்டும். பிறகு அழும்போது. அதற்குப் பிறகு அழாமல் இருப்பதற்காக முன்கூட்டியே. மாசி மாதம் வந்தபோது, காலை முதல் மாலை வரை எல்லாப் பிள்ளைகளின் வாயிலும் வெல்லம் ஊறிக்கொண்டே இருந்தது. காட்டுக் கிழங்கைக் கொடுத்தால் "மண்ணு மாதிரி இருக்கு" என்றார்கள். தளிர் இலையைக் கொடுத்தால் துப்பினார்கள். கடித்து மெல்லும் வேலையே அவர்களுக்கு மறந்துபோனது.

பங்குனியில் பூவரசிக்கு ஆண் குட்டி பிறந்தது. அதே வாரம் ஒரு காலையில் இலந்தை கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அம்மா, பல்லு வலிக்குது."

பூவரசி வாயைத் திறந்து பார்த்தாள். இடது பக்கம் கீழ்ப்பல் ஒன்றில் கறுப்பாகக் குழி விழுந்திருந்தது. பக்கத்துப் பல்லிலும் ஒரு கறுப்புப் புள்ளி.

மருதன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "பால் பல்லுதானே. விழத்தானே போகுது. இதுக்கு ஏன் பயப்படுற?"

"பிள்ளை துடிக்கிறாளே அண்ணே. அவளுக்கு வலிக்கிறதைப் பார்த்தா எனக்குச் சோறு தண்ணி இறங்கலை" என்றாள் பூவரசி.

அப்போதுதான் மைனா வைத்தியர் வந்தார். வைத்தியர் என்று அவரேதான் சொல்லிக்கொண்டார். அதற்கு முன்னால் அவர் எருமைகளின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தவர். உண்ணி அலுத்துப்போய், பழம் தின்ன ஆசைப்பட்டு, மரத்துப் பக்கம் வந்துவிட்டார். நாள் முழுக்க லொடலொடவென்று பேசுகிறவர். ஆனால் வைத்தியம் பார்க்க வரும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டார். தலையை ஆட்டுவார், இறக்கையால் சைகை காட்டுவார். அது மரியாதைக்கான மௌனம் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அவர் சைகை காட்டினார். இலந்தை மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மைனா தன் மஞ்சள் மூக்கை அவள் வாய்க்குள் விட்டுத் திருகினார், இழுத்தார், மறுபடியும் திருகினார். பிறகு மூக்கை வெளியே எடுத்து ஓர் இலையின் மேல் எதையோ போட்டார். பச்சைப் பசேல் என்று ஒரு புழு நெளிந்தது.

கூட்டமே வாயைப் பிளந்தது.

"பார்த்தீங்களா?" என்றார் மைனா. இப்போது பேச்சு தாராளமாக வந்தது. "இவ்வளவு நாளா இதுதான் உங்க பிள்ளை பல்லைக் குடைஞ்சுகிட்டு இருந்தது. நான் வந்தேன், பிழைச்சா. பத்து அத்திப்பழம் எடுத்து வையுங்க."

அவர் ஏதோ பச்சிலையை நசுக்கிப் பல்லில் அப்பினார். வாய் மரத்துப்போய் வலி அடங்கியது. பூவரசிக்குக் கண்ணில் நீர் தளும்பியது. பத்துப் பழம் கேட்டவருக்குப் பதினைந்து கொடுத்தாள்.

"வைத்தியரே, வெல்லத்தை நிறுத்தணுமா?"

"எதுக்கு நிறுத்தணும்? வெல்லத்துக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்? இன்னும் கொஞ்சம் அதிகமாவே கொடுங்க. இனிப்புல புழு மயங்கிக் கிடக்கும். மயங்கிக் கிடந்தாத்தான் என்னால இழுக்க முடியும்."

பிடித்ததைத் தின்னச் சொல்லும் வைத்தியரை யாருக்குத்தான் பிடிக்காது? அன்று முதல் மேல்கரையில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆனால் இரண்டு நாளில் இலந்தைக்கு வலி திரும்பி வந்தது. மைனாவும் திரும்பி வந்தார். இன்னொரு புழு, இன்னும் பத்துப் பழம். அடுத்த வாரம் இலந்தையின் மாமன் மகன் நுணாவுக்கு வலி. அதற்கடுத்த வாரம் ஏழு பிள்ளைகளுக்கு. அத்திமரத்துக் கிளையில் காலையிலேயே தாய்மார்கள் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்தார்கள். அந்த அத்திமரத்துப் பழத்தில் முக்கால்வாசி மைனாவின் வயிற்றுக்குள் போனது.

சித்திரை பிறந்ததும் மருதன் ஐந்து பிள்ளைகளைக் கூட்டிப் பயிற்சிக்கு உட்கார வைத்தான். போன பருவத்தில் காய்ந்து கிடந்த விளாங்காய்கள் சிலவற்றைக் கொண்டுவந்தான். நுணாதான் பிள்ளைகளில் பெரியவன், பலசாலி. அவனுக்குப் பால் பல் எல்லாம் விழுந்து இரண்டாவது பல் முளைத்துவிட்டது. போன வருஷம் ஒரே கடியில் உடைத்தவன். காயை வாங்கி, கடைவாயில் வைத்து, ஓங்கிக் கடித்தான்.

மடக் என்று ஒரு சத்தம் கேட்டது. "சபாஷ்" என்றான் மருதன். நுணா காயை வெளியே எடுத்தான். காய் உடையவில்லை. அவன் உள்ளங்கையில் ஒரு பல் துண்டு கிடந்தது.

 மருதன் அப்படியே கிளையில் உட்கார்ந்துவிட்டான். தலைவனாகி ஆறு வருஷத்தில் அவன் இப்படிப் பயந்தது கிடையாது. விளாமரம் போய்விட்டால் ஆவணி, புரட்டாசி, ஐப்பசி மூன்று மாதமும் நாற்பது வயிற்றுக்கு எதைக் கொடுப்பது? மழையில் வேறு எந்த மரமும் காய்க்காது.

"அப்பா, புழுதான் தின்னுடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?" என்று நுணா அழுதான்.

இலந்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் புழுவின் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அது எப்படிப்பட்ட பிராணி, எங்கிருந்து வருகிறது, பல்லுக்குள் எப்படி நுழைகிறது? மறுநாள் மைனா இழுத்துப் போட்ட புழுவை அவள் இலையோடு சுருட்டி எடுத்துக்கொண்டாள். நேராக இலுப்பை மரத்துக்குப் போனாள். அங்கே ஒரு மரங்கொத்தி பொந்து வைத்திருந்தது.

"அக்கா, மரத்துக்குள்ள இருக்கிற புழுவை எல்லாம் நீங்கதானே எடுக்கிறீங்க. இது என்ன புழுன்னு சொல்லுங்க."

"எனக்கு மூணு குஞ்சு. மூணும் வாயைத் திறந்துகிட்டு உட்கார்ந்திருக்கு. சீக்கிரம் காட்டு" என்றது மரங்கொத்தி. இலையைப் பிரித்துப் பார்த்தது. "இலைப் புழு. இது கூடவா தெரியலை?"

"இது என் பல்லுக்குள்ள இருந்துச்சு அக்கா."

"யாரு சொன்னா? பச்சையா இருக்கு பாரு. வெயில்ல இலை மேலே கிடந்து இலையைத் தின்கிறது. பொந்துக்குள்ள கிடக்கிற புழு வெள்ளையாத்தான் இருக்கும். நான் தினம் நாற்பது எடுக்கிறேன், ஒண்ணுகூடப் பச்சை கிடையாது."

"அப்ப என் பல்லுல குழி எப்படி விழுந்துச்சு?"

"எனக்குப் பல்லே இல்லை. பல்லைப் பத்தி என்கிட்ட வந்து கேட்டா?"

இலந்தை விடவில்லை. "சரி, மரத்துல எப்படிக் குழி விழுது? அதையாவது சொல்லுங்க."

"கிளை பிரியுற கவட்டையில மழைத்தண்ணி நிக்கும். வடிஞ்சுட்டா மரத்துக்கு ஒண்ணும் ஆகாது. வடியாம நாள் கணக்கா நின்னா அந்த இடம் ஊறி, இத்துப்போய், குழி விழும். புழு வர்றது அதுக்கப்புறம்தான். போதுமா? நான் போகட்டுமா?" சொல்லிவிட்டு மரங்கொத்தி பறந்துவிட்டது.

இலந்தை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நாக்கு தானாக இடது கன்னத்துக்குப் போனது. அங்கே வெல்லக் கட்டி கரைந்துகொண்டிருந்தது. கரைந்த பாகு அந்தக் கறுத்த பல்லின் மேல்தான் தேங்கி நின்றது. அவள் வலது பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். அம்மா அந்தப் பக்கம் வெல்லம் வைப்பதில்லை. அந்தப் பக்கத்துப் பல் எல்லாம் முழுசாக இருந்தன. இலந்தை வெல்லத்தைத் துப்பினாள். துப்புவதற்கு மனசே வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதி துப்பினாள், பாதியை விழுங்கினாள்.

வீட்டுக் கிளைக்கு ஓடிவந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பூவரசியின் முகம் வாடிவிட்டது.

"அப்ப நான்தான் உன் பல்லைக் கெடுத்தேன்னு சொல்றியா?"

"இல்லம்மா. வெல்லம்னு சொல்றேன்."

"அதை வச்சது யாரு? நான்தானே?"  பிறகு அவளுக்குக் கோபம் வந்தது. வருத்தம் தாங்க முடியாதபோது பெரியவர்கள் கோபப்படுவார்கள். "போடி. வைத்தியருக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? நாற்பது பேரு கண்ணால புழுவைப் பார்த்திருக்கோம். எல்லாரும் முட்டாளா?"

இலந்தை நுணாவிடம் போனாள். உடைந்த பல்லோடு அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். இருவரும் காதோடு காதாகப் பேசினார்கள். பேசி முடித்தபோது நுணா பல நாளுக்குப் பிறகு சிரித்தான்.

மறுநாள் காலை மைனா வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு வந்து இறங்கினார். வரிசையில் முதலில் இலந்தை நின்றாள். இடுப்பில் அவள் தம்பி, பிறந்து இருபதே நாள் ஆன குட்டி. குட்டியின் முகத்தை இலையால் மூடியிருந்தாள். நுணா யாருக்கும் தெரியாமல் குட்டியின் வாலைக் கிள்ளினான். குட்டி வீல் என்று அலறியது.

"வைத்தியரே, எங்க தம்பியை முதல்ல பாருங்க. காலையிலேருந்து ஒரே அழுகை. கடைவாய்ப் பல்லுல புழு இருக்கும்போல. வெளிச்சம் பட்டா இன்னும் கத்துறான். அதான் மூடி வச்சிருக்கேன்" என்றாள் இலந்தை.

பின்னால் வரிசை நீளமாக இருந்தது. மைனாவுக்கு அவசரம். இலைக்கு அடியில் மூக்கை விட்டார். திருகினார், இழுத்தார். ஒரு பச்சைப் புழு இலையில் விழுந்து நெளிந்தது.

"அப்பாடா! எவ்வளவு பெரிய புழு பாருங்க" என்றார், வாயைச் சரியாகத் திறக்காமலே. "கடைவாய்ப் பல்லை முக்கால்வாசி தின்னுடுச்சு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா தாடையையே தின்னிருக்கும். இருபது பழம் எடுத்து வையுங்க."

இலந்தை இலையை விலக்கினாள். தம்பியின் வாயை இரண்டு விரலால் மெதுவாகத் திறந்து எல்லாரும் பார்க்கும்படி திருப்பிக் காட்டினாள்.

மேல் ஈறும் கீழ் ஈறும் ரோஜா நிறத்தில் வழவழவென்று இருந்தன. ஒரு பல் கூட முளைத்திருக்கவில்லை.

எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒரு தாய் கேட்டாள்: "வைத்தியரே, எந்தப் பல்லை முக்கால்வாசி தின்னுச்சு?"

மைனா பதில் சொல்ல வாயை அகலத் திறந்தார். பின்வரிசையில் இருந்தவர்களுக்காக நாக்கின் அடியில் பதுக்கி வைத்திருந்த இரண்டாவது புழு அப்படியே கீழே விழுந்தது. மருதன் பாய்ந்தான். வாலிலிருந்து இரண்டு இறகுதான் கைக்குக் கிடைத்தது. மைனா தப்பித்தோம் பிழைத்தோம் என்று எருமை மேய்கிற பக்கமாகப் பறந்துபோனார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பூவரசி மட்டும் சிரிக்கவில்லை. மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"உன்னைத் தூங்க வைக்கத்தான் செஞ்சேன் கண்ணு. வேற எதுக்கும் இல்லை."

"தெரியும்மா" என்றாள் இலந்தை.

அன்றே கூட்டம் கூடியது. மருதன் எடுத்த எடுப்பில், "இனிமே எவனும் வெல்லக் கொட்டகைப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது" என்று முழங்கினான். முழங்கியவன் கன்னத்திலேயே ஒரு கட்டி இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். கடைசியில் நடக்கிற காரியமாக ஒரு முடிவுக்கு வந்தார்கள். வெல்லம் உச்சிப்பொழுதில் சாப்பாட்டோடு ஒரு துண்டு. தின்றால் மென்று விழுங்கிவிட வேண்டும், கன்னத்தில் அடைத்து வைக்கக் கூடாது. தின்றதும் ஓடையில் வாய் கொப்பளிக்க வேண்டும். கிழங்கும் தளிரும் பச்சைக் காயும் முன்போல மென்று தின்ன வேண்டும். காலையிலும் தூங்கப் போவதற்கு முன்னாலும் வேலங்குச்சியைக் கடித்து நாராக்கிப் பல்லைத் தேய்க்க வேண்டும். தேய்த்த பிறகு தண்ணீரைத் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக் கூடாது.

சொல்வதற்குச் சுலபம். முதல் எட்டு நாள் பொழுது சாய்ந்ததும் மேல்கரையில் எழுந்த அழுகைச் சத்தம் கீழ்கரைக்குக் கேட்டது. மூன்றாவது நாள் பூவரசியின் கை தானாகவே வெல்லக் கட்டிக்குப் போனது. எடுத்துவிட்டாள். பிறகு அதைத் தூக்கி ஓடையில் எறிந்துவிட்டு, இலந்தையை மடியில் படுக்க வைத்துப் பேன் பார்க்க ஆரம்பித்தாள். தலையில் தொடங்கி முதுகுக்கு வருவதற்குள் இலந்தை தூங்கிவிட்டாள். மறுநாள் எல்லாத் தாய்மார்களும் பேன் பார்த்தார்கள். எட்டு நாளில் அழுகை நின்றது.

ஆனியில் இலந்தையின் கறுத்த பால் பற்கள் இரண்டும் விழுந்தன. ஆடி முடிவதற்குள் அந்த இடத்தில் வெள்ளை வெளேர் என்று புதுப்பல் தலைகாட்டி நிமிர்ந்து நின்றது. நுணா தினமும் ஓடைத் தண்ணீரில் குனிந்து தன் வாயைப் பார்ப்பான். உடைந்த பல் உடைந்தபடியேதான் இருந்தது.

ஆவணியில் முதல் பழம் விழுந்தது. மறுநாள் காலை இரண்டு கூட்டமும் திட்டில் கூடின. கீழ்கரைப் பிள்ளைகள் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். கொட்டகை அவர்கள் பக்கம் இல்லை, வெல்லத்தை அவர்கள் கண்டதில்லை. ஐந்தில் மூன்று பழத்தை உடைத்தார்கள். தாழை திருப்தியோடு வாலை நிமிர்த்திக்கொண்டாள்.

மேல்கரையின் முதல் பிள்ளை உடைத்தான். இரண்டாவது பிள்ளையும் உடைத்தாள். மூன்றாவது பிள்ளை வாயில் வைத்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டான். நான்காவது நுணா. அவன் வலது பக்கமாக வைத்துக் கடித்தான். பழம் வழுக்கி இடது பக்கம் போய் உடைந்த பல்லில் இடித்தது. கண்ணில் நீர் கொட்டியது. அப்படியும் விடாமல் மறுபடி கடித்தான். முடியவில்லை. பழத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்னும் ஒரே ஒரு பழம்தான் பாக்கி, ஐந்தாவதாக உட்கார்ந்த இலந்தையின் பழம். அது உடைந்தால் மூன்றுக்கு மூன்று, மரம் மேல்கரைக்கு. உடையாவிட்டால் மழைக்காலம் முழுக்கப் பட்டினி. மருதன் பார்க்கப் பயந்து கண்ணை மூடிக்கொண்டான்.

வலது பக்கம் இன்னும் பால் பல்தான் என்பதால் இலந்தை பழத்தை இடது கடைவாயில் வைத்தாள். அழுத்தினாள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பல்லுக்கு வயது ஒரு மாதம்தான். எங்கே அதுவும் போய்விடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. பூவரசி தம்பியை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள். இலந்தை ஒரு மூச்சு வாங்கி, தாடையை இறுக்கிக் கடித்தாள்.

டப் என்று பழம் இரண்டாகப் பிளந்தது. புளிப்பும் இனிப்புமாகச் சதை வாசனை திட்டு முழுக்க வீசியது. மேல்கரைக் கூட்டம் போட்ட கூச்சலில் மீன்கொத்திகள் எல்லாம் கிளம்பிப் பறந்துவிட்டன.

இலந்தை பாதிப் பழத்தை நுணாவிடம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். சதையை விரலால் வழித்துத் தின்றுவிட்டுக் கேட்டான்: "அத்தை, இலந்தைக்குப் புதுப்பல்லு வந்த மாதிரி எனக்கும் வருமா?"

பூவரசியால் பொய் சொல்ல முடியவில்லை. "இல்லை கண்ணு. ரெண்டாவது பல்லு ஒரு தடவைதான் முளைக்கும். தப்பு எங்களோடது" என்று சொல்லி அவன் தலையைத் தடவினாள்.

 அன்று மாலை நுணா ஓடைக்கரையில் போய் நின்றுகொண்டான். தூங்கப் போகிற குட்டிகளை ஒவ்வொருவராக நிறுத்தி, "வாயைத் திற, கன்னத்தைக் காட்டு" என்றான். ஒரு வாண்டு மட்டும் வாயை இறுக்க மூடிக்கொண்டு முறைத்தது.

"எல்லாரும் திறந்தாச்சு. நீ ஏன் திறக்க மாட்டேங்குற?" என்றான் நுணா.

"நீ யாரு என் வாயைப் பார்க்க?" என்று மூடிய வாயோடு முனகியது வாண்டு.

நுணா கோபப்படவில்லை. கீழே உட்கார்ந்து, தன் வாயைப் பெரிதாகத் திறந்து, உடைந்த பல்லை அதன் கண்ணெதிரே காட்டினான். வாண்டு எட்டிப் பார்த்தது. விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தது. பிறகு மறுபக்கம் திரும்பி, கன்னத்தில் ஒளித்து வைத்திருந்த வெல்லத்தை மொத்தமாகத் துப்பிவிட்டு, ஓடைக்குள் இறங்கி வாய் கொப்பளித்தது.

பிள்ளைகளின் பல்லைத் தின்பது புழு அல்ல, ஓயாமல் வாயில் ஊறும் இனிப்பும் அதைக் கழுவாமல் விடும் அன்றாடப் பழக்கமும்தான். ஆகவே பால் பல் இருக்கும்போதே நல்ல பழக்கத்தைத் தொடங்கிவிட வேண்டும்.